டியேகோ கார்சியா ஆளில்லாத தீவுதானே, அதை ஏன் மொரீஷியஸுக்குக் கொடுக்க வேண்டும்? இப்போது அதை யார் ஆள்கிறார்கள்?

ஆளில்லாத தீவு என்று நம்பிக் கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்று நினைக்கிறேன். சந்தையில் கிடைக்கும் பொது அறிவு கைடுகளில் அப்படித்தான் போட்டிருக்கிறது, அதனால் உங்கள் மேல் தப்பில்லை. ஆனால் 1965-ல் அது இருக்கும் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தார்கள். மாதா கோயில், கல்லறை, கொப்பரைக் கொட்டகை என்று ஒரு ஊருக்கு உண்டான எல்லாம் இருந்தது. 1973-க்குள் பிரிட்டிஷ்காரர்கள் ஒருவர் விடாமல் கப்பலேற்றி அனுப்பினார்கள். ஆளைக் காலி செய்தவர்களே பிறகு "அங்கேதான் யாரும் இல்லையே" என்கிறார்கள். எப்படிக் காலி செய்தார்கள் என்று தெரியாமல் யாருக்குக் கொடுப்பது என்று பேச முடியாது. அதனால் பதில் நீளம்தான்.

முதலில் இடம். டியேகோ கார்சியா தனித் தீவு இல்லை, சாகோஸ் தீவுக்கூட்டத்தில் பெரியது. மாலத்தீவுக்குத் தெற்கே சுமார் 500 கி.மீ., மொரீஷியஸிலிருந்து வடகிழக்கே 2,000 கி.மீ.க்கும் மேல். ஏறக்குறைய அறுபது தீவுகள், எல்லாம் சேர்த்தும் நிலப்பரப்பு சுமார் 60 சதுர கி.மீ.தான். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு டியேகோ கார்சியா. மற்றவை பெரோஸ் பான்யோஸ், சாலமன், எக்மான்ட் போன்ற பவள வளையங்களில் சிதறிக் கிடக்கின்றன. (பசிபிக்கில் இருக்கும் சாலமன் தீவுகள் நாடு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.) நடுவில் இருக்கும் பெரிய சாகோஸ் திட்டு சுமார் 12,000 சதுர கி.மீ. அளவு, உலகிலேயே பெரிய பவள வளைய அமைப்பு. ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில்.

டியேகோ கார்சியாவை மேலிருந்து பார்த்தால் வாய் வடக்கே திறந்த ஒரு மெல்லிய வளையம். கரை பெரும்பாலும் கடல் மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் உயரம்தான். உள்ளே இருக்கும் காயல் 20 கி.மீ.க்கு மேல் நீளம். பெரிய கப்பல்கள் நிற்கும் ஆழத்துக்குத் தோண்டிவிட்டார்கள். அமெரிக்காவுக்கு ராணுவத் தளமாக இந்த இடம் ஏன் வேண்டும் என்பதற்கு இதுவே பாதி விடை. அலையடிக்காத துறைமுகம், 3,600 மீட்டருக்கு மேல் ஓடுதளம், புயல் அபூர்வமாக வரும் 7 டிகிரி தென் அட்சம், எந்தப் பக்கம் பார்த்தாலும் நூற்றுக்கணக்கான கி.மீ.க்கு வெறும் கடல். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களோடு பேசும் தரை ஆண்டெனாக்களில் ஒன்றும் இங்கே இருக்கிறது.

குடியேற்றம் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. மொரீஷியஸை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் மொசாம்பிக், மடகாஸ்கர் பக்கத்திலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து தென்னந்தோப்பு போட்டார்கள். 1814 பாரிஸ் ஒப்பந்தப்படி மொரீஷியஸோடு சேர்ந்து சாகோஸும் பிரிட்டன் கைக்குப் போனது. 1835-ல் அடிமை முறை சட்டப்படி முடிந்தது. பிறகு இந்தியாவிலிருந்தும் கூலிகள் போனார்கள், தென்னிந்தியர்களும் அதில் உண்டு. எல்லாரும் கலந்து பிரெஞ்சு வேர் கொண்ட கிரியோல் பேசும் ஒரு சமூகம் ஆனார்கள். வேலை ஒன்றுதான்: கொப்பரை. நட்டுவைத்த இரும்புக் கம்பியில் தேங்காயை உரிப்பது ஆண்கள் வேலை, உடைத்துப் பருப்பைத் தோண்டி எடுப்பது பெண்கள் வேலை. வெயிலில் காயவைத்து, ஈரம் போகாததை மட்டை எரித்துச் சூடேற்றும் கொட்டகையில் வாட்டுவார்கள். இந்தக் கொட்டகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

இப்போது பிரித்தெடுத்த கதை. 1965 செப்டம்பரில் மொரீஷியஸ் விடுதலை பற்றி லண்டனில் பேச்சுவார்த்தை. பிரிட்டிஷ் பிரதமர் வில்சன் மொரீஷியஸ் தலைவர் ராம்கூலத்தைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். விடுதலையோடும் ஊர் திரும்பலாம், அது இல்லாமலும் திரும்பலாம் என்பதுதான் சாரம். 30 லட்சம் பவுண்டுக்குச் சாகோஸ் பிரிந்தது. அதே ஆண்டு நவம்பர் 8-ல் ஓர் அரச ஆணை மூலம் 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' என்ற புதிய காலனி உருவானது. காலனிகள் விடுதலையாகிக்கொண்டிருந்த காலத்தில் புதிதாக ஒரு காலனி! சேஷெல்ஸிடமிருந்து அல்டாப்ரா, ஃபார்குவார், டெரோஷ் ஆகியவற்றையும் பிடுங்கிச் சேர்த்தார்கள். 1976-ல் சேஷெல்ஸ் விடுதலையானபோது அந்த மூன்றும் திரும்பப் போய்விட்டன. சாகோஸ் மட்டும் போகவில்லை. 1966 டிசம்பர் 30-ல் அமெரிக்கா ராணுவத் தளம் அமைக்க 50 ஆண்டுக்கும் அதன் மேல் 20 ஆண்டுக்குமான உடன்பாடு. வாடகை இல்லை என்று வெளியே சொன்னார்கள். உள்ளே, அமெரிக்காவிடம் போலாரிஸ் ஏவுகணை வாங்கியதற்குப் பிரிட்டன் தர வேண்டிய ஆராய்ச்சிச் செலவில் 1.4 கோடி டாலர் தள்ளுபடி இருந்தது.

ஆளை ஏன் வெளியேற்ற வேண்டும்? ஐ.நா. சாசனத்தின் 73-ஆம் விதிப்படி, தன்னாட்சி பெறாத மக்களை ஆளும் நாடு அவர்கள் நிலைமை பற்றி ஐ.நா.வுக்கு அறிக்கை தர வேண்டும். நிரந்தரக் குடிமக்கள் இல்லையென்றால் அறிக்கையும் வேண்டாம், கேள்வியும் இல்லை. ஆகவே அங்கே பிறந்து வளர்ந்தவர்களை 'ஒப்பந்தத் தொழிலாளர்கள்' என்று காகிதத்தில் மாற்றினார்கள். கடற்பறவைகளைத் தவிரப் பூர்வகுடி யாரும் இருக்கப்போவதில்லை என்று 1966-ல் வெளியுறவு அலுவலக உயரதிகாரி ஒருவர் குறிப்பு எழுதினார். அந்தக் கோப்புகள் பின்னாளில் நீதிமன்றத்துக்கே வந்தன.

செய்த முறையைப் பாருங்கள். 1967-ல் தோப்புகளைக் கம்பெனியிடமிருந்து பிரிட்டிஷ் அரசே விலைக்கு வாங்கியது. வேலை, வீடு, கடை, கப்பல் எல்லாம் தோப்பு நிர்வாகத்தின் கையில் இருந்ததால், தோப்பு யாரிடமோ தீவு அவரிடம். அடுத்து, வைத்தியத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரீஷியஸ் போனவர்களுக்குத் திரும்பிவர இடம் மறுத்தார்கள். ரீட்டா பான்கூல் என்ற தாய், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் நசுங்கிய மகளைக் கூட்டிக்கொண்டு 1968-ல் பெரோஸ் பான்யோஸிலிருந்து மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயி போனார். குழந்தை பிழைக்கவில்லை. ஊர் திரும்ப டிக்கெட் கேட்டபோது, தீவை விற்றாயிற்று, இனி போக முடியாது என்ற பதில்தான் கிடைத்தது. அவருடைய மகன் ஒலிவியே பான்கூல்தான் பின்னாளில் பிரிட்டிஷ் அரசின் மேல் வழக்குப் போட்டவர்.

மிச்சமிருந்தவர்களுக்குச் சாமான் கப்பல் குறைந்தது. 1971-ல் பிரதேசத்தை ஆண்ட பிரிட்டிஷ் கமிஷனர் ஒரு குடிவரவுச் சட்டம் போட்டார்: அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் உள்ளே வரவும் கூடாது, இருக்கவும் கூடாது. அதே ஆண்டு டியேகோ கார்சியாவில் வளர்ப்பு நாய்களை அந்தக் கொப்பரைக் கொட்டகைக்குள் அடைத்து, வண்டிப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். அடுத்தது நாம்தான் என்று பார்த்தவர்களுக்குப் புரிந்தது. 'நோர்ட்வேர்' என்ற சிறு கப்பலில் ஆளுக்குக் கொஞ்சம் துணிமணி மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி. டியேகோ கார்சியா 1971-ல், சாலமன் 1972-ல், பெரோஸ் பான்யோஸ் 1973-ல் காலியாயின. போர்ட் லூயி துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். வீடும் இல்லை, வேலையும் இல்லை. தென்னை தவிர வேறு தொழில் தெரியாதவர்கள். மொரீஷியஸை உத்தமர் என்று நான் சொல்லவில்லை. 1972-ல் பிரிட்டன் கொடுத்த 6,50,000 பவுண்டு நிவாரணம் இவர்கள் கைக்கு வந்து சேர ஐந்தாறு வருஷம் ஆயிற்று.

இனி, யார் ஆள்கிறார்கள்? பிரிட்டன்தான். கமிஷனர் ஒருவர், நிர்வாகி ஒருவர், இருவருமே லண்டன் வெளியுறவு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். சட்டமன்றம் இல்லை, தேர்தல் இல்லை. கமிஷனர் கையெழுத்துப் போட்டால் சட்டம். பெரிய மாற்றம் என்றால் மன்னர் பெயரில் பிரிவி கவுன்சில் (மன்னரின் ஆலோசனைக் குழு) ஆணை, நாடாளுமன்ற விவாதம் தேவையில்லை. தீவில் கமிஷனரின் பிரதிநிதியாக ஒரு பிரிட்டிஷ் கடற்படை கமாண்டர் இருப்பார். அவருக்குக் கீழே சில டஜன் பேர், அவர்களே காவல், சுங்கம், குடிவரவு எல்லாம் பார்ப்பார்கள். மற்றபடி புழங்குவது அமெரிக்க டாலர், வண்டி ஓடுவது சாலையின் வலப்பக்கம், வேலையாட்கள் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ்காரர்கள்.

நிஜமான பிடி யாரிடம் என்று தெரிய வேண்டுமானால் நம் ஆட்களின் வழக்கைப் பாருங்கள். 2021 அக்டோபரில் கனடா போகக் கிளம்பிய 89 இலங்கைத் தமிழர்களின் படகு நடுக்கடலில் தத்தளித்து டியேகோ கார்சியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பிரிட்டன் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடு. ஆனால் அந்த உடன்படிக்கையை இந்தப் பிரதேசத்துக்கு நீட்டவில்லை, ஆகவே பொருந்தாது என்றார்கள். வேலி போட்ட முகாமில் கூடாரங்களில் மூன்று வருஷம். 2024 ஜூலையில் நீதிபதி நேரில் வந்து விசாரிக்க ஏற்பாடானது. அமெரிக்கா பாதுகாப்புக் காரணம் சொல்லி அனுமதியைப் பின்வாங்கியதும், பிரிட்டிஷ் பிரதேசத்தின் பிரிட்டிஷ் நீதிமன்றமே அங்கே கூட முடியவில்லை. செப்டம்பரில்தான் விசாரணை நடந்தது. அடைத்து வைத்தது சட்டவிரோதம், பெயர்தான் இல்லையே தவிர அது சிறைதான் என்று டிசம்பர் 16-ல் நீதிபதி மார்கரெட் ஓபி தீர்ப்பளித்தார். அதற்குச் சற்று முன்பே பெரும்பாலானவர்களைப் பிரிட்டனுக்கு மாற்றிவிட்டார்கள். கடல் வழியாகக் கனடா என்று ஏஜென்ட் சொல்வதை நம்பி இன்னும் பணம் கட்டுபவர்கள் இருந்தால் தயவுசெய்து இந்தத் தீர்ப்பைப் பற்றிச் சொல்லுங்கள்.

சாகோசியர் வழக்கும் இதே போக்குதான். 2000-ல் லண்டன் உயர் நீதிமன்றம் 1971 சட்டத்தை ரத்து செய்தது. 2004 ஜூனில் அரசு நாடாளுமன்றத்துக்குப் போகாமல் புதிய ஆணைகள் போட்டு அதே தடையைத் திரும்பக் கொண்டுவந்தது. 2008-ல் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 3-க்கு 2 என்று அரசு பக்கம் நின்றது. 2010 ஏப்ரலில் ஏறக்குறைய அந்தக் கடல் முழுவதையும் பாதுகாக்கப்பட்ட பகுதி ஆக்கினார்கள். பவளத்தைக் காப்பது நல்லதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. கப்பல் கொண்டுவந்த எலி பெருகிய தீவுகளில் கடற்பறவை அழிந்ததும், பறவை எச்சம் இல்லாமல் சுற்றியுள்ள மீன்வளம் குறைந்ததும் ஆய்வில் வந்த விஷயம். ஆனால் மொரீஷியஸின் உரிமையை மதிக்காமல் இதைச் செய்தது கடல் சட்டத்துக்கு விரோதம் என்று 2015-ல் நடுவர் மன்றம் சொன்னது.

2019 பிப்ரவரி 25-ல் சர்வதேச நீதிமன்றம் 13-க்கு 1 என்று கருத்துச் சொன்னது: 1965-ல் பிரித்தது மக்களின் சுதந்திரமான விருப்பப்படி நடக்கவில்லை, ஆகவே மொரீஷியஸின் விடுதலை முழுமை பெறவில்லை, பிரிட்டன் கூடிய விரைவில் வெளியேற வேண்டும். அது ஆலோசனைக் கருத்துதான், கட்டுப்படுத்தாது என்று யாராவது வருவீர்கள். சரிதான். ஆனால் அதே ஆண்டு மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு வெறும் 6. இந்தியாவும் மொரீஷியஸ் பக்கம்தான். சீனாவுக்குத் தூக்கிக் கொடுக்கச் சொல்கிறாயா என்பவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அமெரிக்கத் தளம் இருக்கட்டும் என்றுதான் மொரீஷியஸே சொல்கிறது. சண்டை தளத்தைப் பற்றியது அல்ல.

இதோடு தொடர்பில்லாத ஒரு ஆதங்கம். இந்தியா ஓடுதளமும் இறங்குதுறையும் கட்டி 2024 பிப்ரவரியில் திறந்த அகலேகா, சாகோஸில் இல்லை. அது மொரீஷியஸுக்கு வடக்கே சுமார் 1,100 கி.மீ.யில் இருக்கும் வேறு தீவு. இரண்டையும் ஒன்றாக்கிக் கேள்வி தயாரிக்கும் கைடுகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மாணவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள், ஒரு வரைபடத்தைத் திறந்து பார்க்கவாவது வேண்டாமா?

சுற்றிப் பார்க்கப் போகலாமா என்பதும் உங்கள் மனதில் இருக்கலாம். பயணிகள் விமானமே கிடையாது. டியேகோ கார்சியாவுக்கு ராணுவம் அல்லது ஒப்பந்த வேலை தவிர வழியில்லை. கடல் கடக்கும் பாய்மரப் படகுகள் மட்டும் முன்கூட்டி அனுமதி வாங்கி, வெளித் தீவுகளில் குறித்த சில இடங்களில் அதிகபட்சம் 28 நாள் நங்கூரமிடலாம். மருத்துவ மீட்புக்கும், படகு உடைந்தால் சிதைவை அகற்றவும் காப்பீடு காட்ட வேண்டும். இரவில் கரையில் தங்கக் கூடாது.

2025 மே 22-ல் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு வருவோம். எல்லாத் தீவுகளுக்கும் இறையாண்மை மொரீஷியஸுக்கு. டியேகோ கார்சியா 99 ஆண்டு பிரிட்டன் கையில், ஆண்டுக்குச் சராசரி 10.1 கோடி பவுண்டு. இரு தரப்பும் உள்நாட்டு நடைமுறைகளை முடித்தால்தான் நடைமுறைக்கு வரும். ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்குச் சட்டப்படி என் பதில்: 1965-ல் எடுத்தது செல்லாது, ஆகவே திருப்பித்தான் ஆக வேண்டும். ஆனால் எனக்குத் திருப்தியில்லை. பேச்சுவார்த்தை மேசையில் இரண்டு அரசுகள் இருந்தன, சாகோசியர்களுக்கு நாற்காலி இல்லை. அதனால்தான் அவர்களுக்குள்ளேயே பான்கூல் ஒப்பந்தத்தை வரவேற்கிறார், பிரிட்டனில் கிராலியில் வாழும் பலர் எதிர்க்கிறார்கள். 4 கோடி பவுண்டு அறக்கட்டளை நிதி உண்டு. மற்றத் தீவுகளில் குடியேற்றத் திட்டம் போட மொரீஷியஸுக்கு அனுமதி உண்டு. ஆனால் அங்கே இறங்குதுறை, மின்சாரம், ஆஸ்பத்திரி எல்லாம் முதலிலிருந்து கட்ட வேண்டும். ஓடுதளமும் கட்டடங்களும் இருக்கும் ஒரே தீவு டியேகோ கார்சியா, அங்கே குடியேற மட்டும் அனுமதி இல்லை.