வலிக்கும் இடம் ஒன்று, கோளாறு வேறிடம்: கையும் வயிறும் பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி கையைப் பற்றி, பாதி வயிற்றைப் பற்றி. தனித்தனியாக எழுதலாம் என்று முதலில் பிரித்துதான் வைத்தேன். தோள்வலிக்குப் பித்தப்பையும், ‘கேஸ்’ என்று நினைத்ததற்கு இதயமும் காரணமாக இருக்கும்போது எப்படிப் பிரிப்பது? கலந்தே எழுதிவிட்டேன். மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறு பாடம் எடுப்பவன் நான். எது எங்கே இருக்கிறது, ஏன் அப்படி வலிக்கிறது என்று சொல்ல முடியும். நேரில் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டேன்.

முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறதே, ஏன்?

அப்போது அடி வாங்குவது நரம்பு. முழங்கையின் உள்பக்கம் ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதற்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் விரலை வைத்து லேசாக உருட்டுங்கள். கயிறு மாதிரி ஒன்று நழுவும். அதுதான் அல்னார் நரம்பு. பெரிய நரம்புகள் பெரும்பாலும் தசைகளுக்கு நடுவே பத்திரமாக ஓடும். இது மட்டும் இந்த இடத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் உணர்ச்சி கொடுப்பது இந்த நரம்புதான். நடுவழியில் தட்டினாலும், சேதி விரலிலிருந்து வந்ததாகவே மூளை எடுத்துக்கொள்கிறது.

தையல் வேலை செய்கிறேன். நடுராத்திரியில் வலது கை மரத்துப்போய் விழித்துக்கொள்கிறேன். கையை உதறினால் சரியாகிறது. ரத்த ஓட்டம் குறைவா?

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தேடினேன், கிடைக்கவில்லை: சுண்டுவிரலும் மரத்துப்போகிறதா? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி வரைதான் என்றால் சந்தேகம் மணிக்கட்டின் மேல்தான். அங்கே எட்டுச் சிறிய எலும்புகள் சேர்ந்து ஒரு வாய்க்கால் மாதிரி அமைந்திருக்கின்றன. அதன் மேல் ஒரு தடித்த பட்டை மூடியிருக்கிறது. அந்தச் சந்துக்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் (தசையை எலும்போடு கட்டும் கயிறுகள்) மீடியன் நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. கொஞ்சம் வீக்கம் வந்தாலும் முதலில் நசுங்குவது நரம்புதான், ஏனென்றால் இருப்பதிலேயே மெத்தென்றது அது. தூங்கும்போது நாம் மணிக்கட்டை மடக்கிக்கொள்வதால் ராத்திரியில் அதிகமாகிறது.

கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், தைராய்டு குறைவாகச் சுரப்பவர்கள் ஆகியோருக்கும் இது அடிக்கடி வரும். ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டாலே பலருக்குக் குறைகிறது. கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேடு வற்ற ஆரம்பித்திருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஊசியில் நூல் கோக்கும் கை உங்களுடையது.

மணிக்கட்டின் நடுவில் எனக்கு ஒரு நரம்பு துருத்திக்கொண்டிருக்கிறது. தம்பிக்கு அது இல்லவே இல்லை. யாருக்குக் குறை?

இருவருக்கும் இல்லை. நீங்கள் பார்ப்பது நரம்பும் இல்லை. நம் பேச்சு வழக்கில் பச்சையாகத் தெரியும் ரத்தக்குழாய், கம்பி மாதிரி விறைக்கும் தசைநாண், உணர்ச்சியைக் கடத்தும் நிஜ நரம்பு எல்லாமே ‘நரம்பு’தான். முதல் வருட மாணவர்களிடம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே எனக்கு ஒரு வாரம் போய்விடும்.

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டி வைத்து மணிக்கட்டைச் சற்று மடக்கினால் நடுவில் எழும்புவது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண். ஏறக்குறைய நூற்றில் 15 பேருக்கு அது பிறவியிலேயே இருக்காது. இந்தக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். இல்லாவிட்டாலும் பிடியின் பலம் குறைவதாகத் தெரியவில்லை. அறுவை மருத்துவர்கள் அறுந்துபோன வேறு நாணுக்குப் பதிலாக வைத்துத் தைக்க இதையே எடுப்பார்கள்.

ஒன்று சொல்கிறேன். இறந்தவர் உடலை அறுத்துப் பாடம் நடத்தும் கூடத்தில் முன்கைத் தோலை விலக்கி, தசைநாண்களில் ஒன்றை இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுப்பேன். ஓர் அடி தள்ளியிருக்கும் விரல் மட்டும் மடங்கும். அதைப் பார்த்ததும் மாணவர்கள் சட்டென்று பின்வாங்குவார்கள். விரலை இயக்கும் பலமான தசைகள் முன்கையில் இருக்கின்றன, விரலுக்குள் வருவது கயிறு மட்டும்தான். எழுதி எழுதிக் களைத்தால் முன்கை வலிப்பது அதனால்தான்.

மூன்று வயது மகளைக் கையைப் பிடித்துத் தூக்கிப் படியேற்றினேன். அதிலிருந்து கையை அசைக்காமல் தொங்கவிட்டுக்கொண்டே இருந்தாள். ‘உரம் விழுந்திருக்கும், எடுத்துவிடலாம்’ என்றார் என் மாமியார்.

அந்த வயதில் முழங்கையில் ஆரை எலும்பின் தலையைச் சுற்றியிருக்கும் வளைய நார் இன்னும் இளக்கமாக இருக்கும். கையை நீட்டிய நிலையில் வெடுக்கென்று இழுத்தால் எலும்பின் தலை அதிலிருந்து லேசாக நழுவிவிடும். ஐந்து வயதுக்கு மேல் இது அபூர்வம். தெரிந்த மருத்துவர் கையைத் திருப்பி மடக்கினால் ‘கிளிக்’ என்று உட்கார்ந்துவிடும். கொஞ்ச நேரத்தில் குழந்தை அதே கையால் பிஸ்கட் வாங்கும். மாமியாரின் கைவைத்தியம் சில சமயம் பலித்திருக்கலாம், மறுக்க மாட்டேன். ஆனால் குழந்தை விழுந்திருந்தாலோ வீக்கம் இருந்தாலோ அது எலும்பு முறிவாக இருக்கலாம், அப்போது திருப்பக் கூடாது. இனிமேல் அக்குளில் கை கொடுத்துத் தூக்குங்கள்.

ஆறு மாதமாக வலது தோளில் வலி வந்து வந்து போகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. பிரியாணி சாப்பிட்ட ராத்திரிகளில் அதிகம் என்று மனைவி சொல்கிறாள். சிரிக்காதீர்கள்.

சிரிக்கவில்லை. உங்கள் மனைவி நன்றாகக் கவனித்திருக்கிறார்.

வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் உதரவிதானம் கரு வளரும்போது கழுத்துப் பக்கத்தில் உருவாகிறது. பிறகு கீழே இறங்குகிறது. இறங்கும்போது கழுத்தின் 3, 4, 5 ஆம் தண்டுவட நரம்புகளிலிருந்து தனக்கு வரும் பிரெனிக் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. தோளின் மேல்பகுதித் தோலுக்கு உணர்ச்சி தருவதும் அதே தண்டுவட மட்டங்கள்தான். கல்லீரலின் அடியில் ஒட்டியிருக்கும் பித்தப்பை வீங்கி உதரவிதானத்தை உறுத்தினால், சேதி அந்த நரம்பு வழியே கழுத்துக்குப் போகும். தோளிலிருந்து அடிக்கடி சேதி கேட்டுப் பழகிய மூளை ‘தோள் வலிக்கிறது’ என்று முடிவு செய்துவிடும். வலது தோள்பட்டைக்குக் கீழே முதுகிலும் வலிக்கலாம். கொழுப்புள்ள சாப்பாடு இறங்கியதும் பித்தப்பை சுருங்கும், உள்ளே கல் இருந்தால் வலி கிளம்பும். பிரியாணி வந்தது இந்த வழியாகத்தான்.

லாப்ராஸ்கோப்பி செய்துகொண்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ‘ஆபரேஷன் வயிற்றில், வலி தோளில்’ என்பார்கள். வயிற்றை உப்பவைக்க அடைத்த கார்பன் டை ஆக்சைடின் மிச்சம் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது.

கையைத் தூக்கினால், சுழற்றினால் வலி கூடுகிறதா? கூடினால் தோள்மூட்டையே பாருங்கள். கையை எப்படி ஆட்டினாலும் வலி மாறவில்லை என்றால் வயிற்றுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

அப்பாவுக்கு இடது கை உளைச்சல், நெஞ்சு கனம், வியர்வை. ‘கேஸ்தான்’ என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் சரியாகிவிட்டது. இதற்கும் டாக்டரிடம் போக வேண்டுமா?

போக வேண்டும், இன்றைக்கே. இதயத்தின் வலி நரம்புகளும் கையின் உள்பக்க நரம்புகளும் தண்டுவடத்தில் பக்கத்துப் பக்கத்து மட்டங்களில்தான் நுழைகின்றன. ஏப்பம் வந்ததும் குறைந்தது என்பது எதற்கும் சான்று ஆகாது. சரியாகிவிட்டதே என்று விடாமல் இசிஜி எடுத்துவிடுங்கள். மறுபடி வந்தால் சோடாவைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

குடல்வால் வலதுபக்கம்தானே இருக்கிறது? என் மகனுக்கு முதலில் தொப்புளைச் சுற்றித்தான் வலித்தது. வீட்டில் சூட்டுவலி என்று விளக்கெண்ணெய் தடவிவிட்டோம்.

குடலுக்கு வலிக்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லத் தெரியாது. குடல்வாலின் நரம்புகள் போய்ச் சேரும் தண்டுவட மட்டம், தொப்புளுக்கு உணர்ச்சி தரும் மட்டம்தான். அதனால் முதல் சில மணி நேரம் வலி தொப்புளைச் சுற்றி மந்தமாக இருக்கும். வீக்கம் வயிற்றின் உள்சுவரைத் தொட்ட பிறகுதான் வலி வலது கீழ்ப்பக்கம் நகர்ந்து, விரல் வைத்துக் காட்டும்படி கூர்மையாகும். தொப்புளிலிருந்து வலது இடுப்பெலும்பின் முன்முனைக்கு ஒரு கோடு போட்டால், இடுப்புப் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அந்த இடம் வரும். நியூயார்க் அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி 1889-இல் எழுதிவைத்தது, இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறோம். தொப்புள் வலி இடம் மாறினால், கூடவே பசியும் செத்துப்போனால், எண்ணெயை மூடி வையுங்கள்.

கைவலிக்கு மாத்திரை போட்டுப் போட்டு அல்சர் வந்துவிட்டது என்கிறார்கள். காரம் தின்றால்தானே அல்சர் வரும்?

மிளகாய் எரிச்சலைக் கூட்டலாம், புண்ணின் மூலகாரணம் அது இல்லை. இரைப்பை தன் அமிலத்தால் தானே அரிபடாமல் இருக்க உள்ளே வழவழப்பான ஒரு பூச்சு இருக்கிறது. வலியைக் கூட்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் அந்தப் பூச்சு சுரப்பதற்கும் வேண்டும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் அதை உடம்பு முழுக்க அடக்குகின்றன. கைவலி தீர்கிறது, இரைப்பையின் பூச்சும் கரைகிறது. இன்னொரு பெரிய காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியை வளர்த்த கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்துக்கடையில் நீங்களாக வாங்கும் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் காத்திருக்க வேண்டாம்.

தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தால் இரைப்பைக்குப் போகுமா? (ஆறாம் வகுப்பு)

போகும். உணவுக்குழாய் சும்மா ஒரு பைப் இல்லை. பின்னால் சுருங்கி, முன்னால் தளர்ந்து, உள்ளே இருப்பதைத் தள்ளிக்கொண்டே போகும். நீ நின்று பார்க்க வேண்டாம், புரையேறிவிடும். குளத்தில் தண்ணீர் குடிக்கும் மாட்டைப் பார். வாய் கீழே, வயிறு மேலே, தண்ணீர் கழுத்தில் ஏறிக்கொண்டே போகும்.