கேள்வி – பதில்: குலுக்கலில் ஆண்ட ஏதென்ஸ்

கேள்வி: பழைய ஏதென்ஸில் பதவிகளுக்கு ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுத்தார்களாமே? விவரம் தெரியாதவர் கையில் ஆட்சி சிக்கிவிடாதா?

பதில்: எல்லாப் பதவிக்கும் குலுக்கல் இல்லை. ஆண்டுதோறும் 10 தளபதிகளைக் கைதூக்கி வாக்களித்தே தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் மீண்டும் வரலாம். ஏதென்ஸின் புகழ்பெற்ற தலைவர் பெரிக்ளிஸ் அப்படித்தான் நீடித்தார்.

மற்ற பெரும்பாலான பதவிகளுக்குத்தான் குலுக்கல். இதற்கு அடித்தளம் கி.மு. 508-07இல் கிளெய்ஸ்தனீஸ் என்ற தலைவர் கொண்டுவந்த சீர்திருத்தம். பெரிய குடும்பங்கள் ஆளுக்கொரு வட்டாரத்தை வளைத்து வைத்திருந்ததை உடைக்க, குடிமக்களை 10 பிரிவாக்கினார். நகரம், கடற்கரை, உள்நாடு மூன்றிலும் உள்ள ஊர்கள் ஒவ்வொரு பிரிவிலும் கலந்திருந்தன. பிரிவுக்கு 50 பேர் வீதம் 500 பேர் மன்றம். ஒவ்வொரு பிரிவின் 50 பேரும் முறைவைத்து 35 அல்லது 36 நாள் அன்றாட நிர்வாகத்தைக் கவனித்தார்கள். அந்த 50 பேரில் ஒருவர் நாள்தோறும் குலுக்கலில் தலைவரானார். கருவூலக் கோயில்களின் சாவியும் அரசு முத்திரையும் ஓர் இரவு, ஒரு பகல் மட்டும் அவரிடம் இருக்கும். வாழ்நாளில் ஒரு முறைதான் அந்த வாய்ப்பு.

மன்றத்துக்கு வர 30 வயது ஆகியிருக்க வேண்டும். இரண்டு முறைக்கு மேல் வர முடியாது. பதவியேற்கும் முன் விசாரணை உண்டு: பெற்றோர் யார், அவர்களை ஒழுங்காகக் கவனித்தாரா, படையில் பணியாற்றினாரா? பதவி முடிந்ததும் கணக்குக் காட்ட வேண்டும். குலுக்கலைவிட இந்த இரண்டு சோதனைகளும்தான் ஆட்சியைக் காப்பாற்றின.

கேள்வி: குலுக்கலில் மோசடி செய்ய முடியாதா?

பதில்: கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நீதிமன்ற ஏற்பாட்டைப் பாருங்கள். நீதிபதியாக விரும்பும் ஒவ்வொருவரிடமும் தன் பெயர், தந்தை பெயர், ஊர் பொறித்த சீட்டு இருக்கும்; பல வெண்கலச் சீட்டுகள் இன்றும் கிடைத்துள்ளன. நிமிர்த்தி வைத்த ஒரு பலகையில் வரிசை வரிசையாகக் காடிகள் வெட்டியிருப்பார்கள். சீட்டுகளை அவற்றில் செருகுவார்கள். பக்கவாட்டுக் குழாயில் வெள்ளை, கறுப்பு உருண்டைகளைக் கலந்து கொட்டி, ஒவ்வொன்றாகக் கீழே விடுவார்கள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுவதும் அன்றைய நீதிபதிகள். கறுப்பு விழுந்தால் வீடு திரும்ப வேண்டியதுதான். யார் எந்த நீதிமன்றத்தில் அமர்வது என்பதற்கும் தனிக் குலுக்கல். பெரிய வழக்குகளில் 501 பேர் அமர்வார்கள். அவர்கள் யார் என்பதே அன்று காலையில்தான் தெரியும் என்றால், யாருக்கென்று லஞ்சம் கொடுப்பது?

கேள்வி: அப்படியானால் எங்கேதான் சறுக்கினார்கள்?

பதில்: ஆண் குடிமக்கள் கூடி வாக்களிக்கும் மக்கள் பேரவையின் ஆத்திரத்தில். கி.மு. 406இல் அர்கினூசாய்க் கடற்போரில் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவை வென்றது. புயலால், மூழ்கிய கப்பல்களின் ஆட்களைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்காக எட்டுத் தளபதிகளையும் சட்டத்துக்கு மாறாக ஒரே வாக்கெடுப்பில் குற்றவாளிகளாக்கி, ஊர் திரும்பியிருந்த ஆறு பேரைக் கொன்றார்கள். அப்போது நிர்வாக முறை வந்திருந்த 50 மன்ற உறுப்பினர்களில் சாக்ரட்டீஸும் இருந்தார். மற்றவர்கள் மிரட்டலுக்குப் பணிய, அவர் மட்டும் அந்த வாக்கெடுப்பை நடத்தக் கடைசிவரை மறுத்தார். அனுபவமுள்ள தளபதிகளைத் தானே அழித்துக்கொண்ட நகரம், இரண்டே ஆண்டில் ஸ்பார்ட்டாவிடம் சரணடைந்தது. இடையில் கவிழ்ந்த மக்களாட்சி கி.மு. 403இல் மீண்டபோது, பேரவையின் எந்தத் தீர்மானமும் எழுதப்பட்ட சட்டத்துக்கு மேலானதல்ல என்று விதி செய்தார்கள். சட்டம் இயற்றும் பொறுப்பையும் பேரவையிடமிருந்து பிரித்துத் தனிக் குழுவிடம் கொடுத்தார்கள்.