முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் என்ன நடக்கும்?

ஆய்வேட்டை எழுதியவர், அதை முழுக்கப் படித்த வல்லுநர்களின் கேள்விகளுக்கு நேரில் பதில் சொல்லும் அமர்வுதான் வாய்மொழித் தேர்வு, பேச்சுவழக்கில் வைவா. பிரிட்டனில் பெரும்பாலும் மூடிய அறைக்குள் நடக்கும். சுவீடனில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

ஏட்டில் இருப்பதையே ஏன் மறுபடி கேட்கிறார்கள்? வேலையைச் செய்தது நீங்கள்தானா, ஒவ்வொரு முடிவையும் காரணம் தெரிந்துதான் எடுத்தீர்களா என்று பார்க்கத்தான். வீடு கட்டிய கொத்தனாரிடம் "இந்தச் சன்னலை ஏன் இங்கே வைத்தீர்கள்?" என்று கேட்பது போல. கட்டியவருக்குச் சட்டென்று பதில் வரும். பார்த்துவிட்டு மட்டும் வந்தவர் தடுமாறுவார்.

"உங்கள் ஆய்வைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்றுதான் அநேகமாகத் தொடங்குவார்கள். எளிதாகத் தெரியும், ஆனால் பலர் திணறுவது இங்கேதான். அதனால் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், மனசுக்குள் ஓட்டிப் பார்த்தால் போதாது. பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள்: ஏன் 40 பேரை மட்டும் எடுத்தீர்கள், அந்த இன்னொரு முறையை ஏன் விட்டீர்கள் என்று. முக்கியமான அட்டவணைகளில் ஒட்டுத்தாள் வைத்த பிரதியைக் கையில் வைத்திருங்கள். யோசிக்க ஒரு நிமிடம் கேட்பதில் தவறே இல்லை.

திருத்தம் சொல்லிவிட்டால் தோல்வி என்று பலர் கலங்குகிறார்கள். அப்படியில்லை, சிறு திருத்தங்களோடு தேர்ச்சி என்பது பல பல்கலைக்கழகங்களில் மிகச் சாதாரணமான முடிவு.