நிரந்தரத் திருத்தொண்டர் ஆகலாமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு 41 வயது. மணமாகி 14 ஆண்டுகள், இரண்டு பிள்ளைகள். பங்கில் ஞாயிறு வாசகம் வாசிக்கிறேன், பீடச் சிறுவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். திருத்தொண்டர் ஆகவேண்டும் என்ற எண்ணம் ஓராண்டாக விடாமல் வருகிறது. இது அழைத்தலா, வெறும் ஆசையா?
– வாசகர், முலுண்ட், மும்பை

பதில்: கத்தோலிக்கத் திருச்சபையில் குருவுக்கு அடுத்த நிலையில் பட்டம் பெற்றவர்தான் திருத்தொண்டர் (டீக்கன்). தமிழ்நாட்டில் திருத்தொண்டர் என்றாலே குருமடத்தில் படித்துவிட்டுக் குருப்பட்டத்துக்குக் காத்திருக்கும் இளைஞர்தான் நினைவுக்கு வருவார். திருத்தொண்டர் பட்டத்துக்கும் குருப்பட்டத்துக்கும் நடுவே குறைந்தது ஆறு மாதம் இருக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அந்த இடைவெளியில்தான் அவரைப் பார்க்கிறோம். நீங்கள் கேட்பது வேறு, கடைசிவரை திருத்தொண்டராகவே இருப்பது. மேலைத் திருச்சபையில் பல நூற்றாண்டுகள் வழக்கொழிந்து கிடந்த இந்த நிலையை மீட்க இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வழிவிட்டது. 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நடைமுறை விதிகளைத் தந்தார். ஆனாலும் அந்தந்த ஆயர் தொடங்கினால்தான் ஒரு மறைமாவட்டத்தில் இது உண்டு. மும்பை உயர்மறைமாவட்டத்தில் நிரந்தரத் திருத்தொண்டர்கள் இருப்பதால் நீங்கள் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறது. மணமானவருக்குக் குறைந்தபட்ச வயது 35, அதுவும் தடையில்லை.

இனி, ஆசையா அழைத்தலா என்பது. உங்கள் கடிதத்தில் இருப்பதெல்லாம் பீடத்தைச் சுற்றிய வேலைகள். நல்ல வேலைகள்தான். ஆனால் திருத்தொண்டருக்கு இறைவார்த்தை, திருவழிபாடு, அன்புப்பணி என்று மூன்று பொறுப்புகள். திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்தில் எழுவரைத் தேர்ந்தெடுத்ததே, அன்றாடப் பந்தியில் கைம்பெண்கள் சிலர் கவனிக்கப்படவில்லை என்று முணுமுணுப்பு எழுந்ததால்தான். ஆகவே ஆறு மாதம், பீடத்தின் பக்கம் வராத ஒரு பொறுப்பை எடுத்துப் பாருங்கள். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையோடு வாரம் ஒருமுறை வீடு சந்திக்கலாம். சிறைப்பணியில் சேரலாம். படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர் ஒருவரைத் தவறாமல் பார்த்து வரலாம். இதற்காகக் கோயில் அறிவிப்பில் உங்கள் பெயர் வரக்கூடாது.

முதல் மாதம் எல்லோருக்கும் நன்றாகவே போகும். மூன்றாவது மாதம்தான் சாயம் வெளுக்கும். பெரியவர் சொன்னதையே திரும்பச் சொல்வார், அவர் மகன் சலித்துக்கொண்டே கதவைத் திறப்பார், உங்கள் அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் வாரமாக இருக்கும். அப்போதும் போகிறீர்களா? போய்வந்த இரவில் மனம் எப்படி இருக்கிறது? களைத்திருந்தும் அமைதியா, ஒருவரும் கவனிக்கவில்லையே என்ற எரிச்சலா? அன்றன்றைக்கே இரண்டு வரி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் நமக்குப் பிடித்ததைத்தான் எழுதுவோம்.

மாதம் ஒருமுறை ஓர் ஆன்ம வழிகாட்டியைச் சந்தியுங்கள். பங்குத்தந்தை வேண்டாம், உங்களைப் பற்றி ஆயருக்கு எழுதப் போகிறவர் அவர். எல்லாவற்றையும் திறந்து சொல்ல உங்களுக்குக் கூசும், கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டு எழுத அவருக்கும் சங்கடம்.

வேலை போன மறு மாதம், துக்கம் நடந்த வீட்டில், ஓய்வுபெற்ற கையோடு வரும் அழைத்தலைக் கொஞ்சம் ஆறவிடுங்கள். பங்குப் பேரவையில் தன் பேச்சு எடுபடவில்லை, திருவுடை போட்டால் எடுபடும் என்ற எண்ணம் ஒரு மூலையில் இருந்தால் அதை வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். திருப்பட்டம் யாருக்கும் உரிமை அல்ல. உங்கள் உள்ளம் சொல்வது பாதிதான். திருச்சபையின் பெயரால் ஆயர் அழைத்தால்தான் அது முழு அழைத்தல்.

கேள்வி: என் கணவர் திருத்தொண்டர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறார். “நீ ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்” என்கிறார். அவ்வளவுதானா? மறுத்தால் பாவமா?
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

பதில்: பாவம் இல்லை, சகோதரி. அவ்வளவுதானா என்றால், அதுவும் இல்லை. மனைவியின் சம்மதம் இல்லாமல் மணமானவருக்குப் பட்டம் கிடையாது என்று திருச்சபைச் சட்டம் 1031 சொல்கிறது. பட்டத்துக்கான ஆவணங்களில் உங்கள் சம்மதச் சான்றும் இருந்தாக வேண்டும். பயிற்சிக்குச் சேரும்போது சம்மதித்தவர் பட்டத்துக்கு முன் மனம் மாறினால், அதையும் மதித்தே ஆகவேண்டும். கணவர் உடன் இல்லாமல் உங்களைத் தனியாகச் சந்திக்கப் பயிற்சிப் பொறுப்பாளரிடம் நேரம் கேளுங்கள். அவர் அதைத் தவறாக நினைக்கமாட்டார்.

கையெழுத்துக்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய முதல் விஷயம் நேரம். உரோமையின் 1998ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், மூன்றாண்டுப் பயிற்சியில் வகுப்புகள் மட்டுமே 1,000 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 333 மணி. வாரம் இரண்டு மாலை மூன்று மூன்று மணி நேரம் என்று 40 வாரம் வைத்தால் 240 ஆகும். மீதிக்கு மாதம் ஒரு சனிக்கிழமை முழுநாளும் போகும். பயணம், கட்டுரை எழுதுவது, பங்கில் களப்பயிற்சி எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே. எனவே செவ்வாய் மாலை பிள்ளையை நீச்சலுக்கு யார் கூட்டிப்போவது, மாமியாரின் மருத்துவமனை நாள் யாருடையது என்று பெயர் போட்டு எழுதுங்கள். “எப்படியோ சமாளிப்போம்” என்று தொடங்குகிற வீடுகள்தான் இரண்டாம் ஆண்டில் திணறுகின்றன. பட்டத்துக்குப் பிறகு கிறிஸ்துமஸ் இரவும் பாஸ்காத் திருவிழிப்பும் அவர் பீடத்தில் நிற்பார், நீங்கள் பிள்ளைகளோடு பெஞ்சில் இருப்பீர்கள் என்பதையும் இப்போதே நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, பலர் வாயெடுக்கத் தயங்குவது. பட்டம் பெற்றபின் மனைவி இறந்தால் அவர் மறுமணம் செய்ய முடியாது. விலக்கு அளிக்கும் அதிகாரம் திருத்தந்தையிடம் மட்டுமே. கிடைக்கும் என்று நம்பித் திட்டமிட முடியாது. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது ஏட்டுச் சட்டம் மட்டும் அல்ல.

“பிள்ளைகள் பள்ளி முடிக்கட்டும், பிறகு பார்ப்போம்” என்பது மறுப்பு ஆகாது. ஆயர் பேரவையும் மறைமாவட்டமும் மேல் வயது வரம்பு வைத்திருக்கின்றனவா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மனைவியரையும் சில அமர்வுகளுக்கு அழைப்பது பல இடங்களில் வழக்கம். ஓரிரண்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: எனக்கு 28 வயது, மணமாகவில்லை. முதலில் திருத்தொண்டர் ஆகிவிட்டுப் பிறகு திருமணம் செய்துகொள்ளலாமா?
– வாசகர், மலாடு, மும்பை

பதில்: முடியாது. மணமாகாமல் பட்டம் பெறுபவர் மணத்துறவு வாக்குறுதியை வெளிப்படையாக ஏற்கிறார். அதன்பின் செய்யும் திருமணம் செல்லாது. மணமாகாதவருக்குக் குறைந்தபட்ச வயது 25, சில நாடுகளில் அதற்கும் மேல். அமெரிக்காவில் எல்லோருக்குமே 35. திருமண எண்ணம் இருந்தால் முதலில் அதைத் தீர்மானியுங்கள். பட்டத்துக்காக அவசரத் திருமணமும் வேண்டாம். சில ஆண்டுகள் இல்லறத்தில் நிலைத்து நின்றவரா, தன் வீட்டை நன்றாக நடத்துகிறவரா என்றுதான் பார்ப்பார்கள். 1 திமொத்தேயு 3:12 கேட்பதும் அதைத்தான்.

கேள்வி: நிரந்தரத் திருத்தொண்டருக்குச் சம்பளம் உண்டா? பாவசங்கீர்த்தனம் கேட்பாரா?
– வாசகர், தாராவி

பதில்: தொழிலோ உத்தியோகமோ உள்ளவர் அந்த வருமானத்தில்தான் தன்னையும் குடும்பத்தையும் காப்பாற்றவேண்டும். திருச்சபைப் பணியை முழுநேரமாகச் செய்பவர் என்றால், குடும்பத்துக்குப் போதுமான ஊதியம் பெற உரிமை உண்டு. கடன் தவணைகள் கழுத்தை நெரிக்கும் நேரத்தில் விண்ணப்பிக்காதீர்கள்.

பாவசங்கீர்த்தனம் கேட்க முடியாது, திருப்பலி நிறைவேற்ற முடியாது, நோயில்பூசுதல் கொடுக்கவும் முடியாது. திருமுழுக்குக் கொடுப்பார், நற்செய்தி வாசிப்பார், மறையுரை ஆற்றுவார், உரிய அனுமதியோடு திருமணத்தை நடத்திவைப்பார், நற்கருணை ஆசீர் அளிப்பார், அடக்கச் சடங்கு நடத்துவார். மரணப் படுக்கையில் இருப்பவர் வீட்டுக்குத் திருத்தொண்டர் முதலில் போய்ச்சேர்ந்தால், செபித்துக்கொண்டே குருவுக்கு ஆள் அனுப்பவேண்டும். இந்த எல்லையில் மனம் குமைகிறவர் தன் அழைத்தலை மறுபடி யோசிப்பது நல்லது.

கேள்வி: விண்ணப்பத்துக்கு என்னென்ன தாள்கள் தேவை? எங்கே சிக்கல் வரும்? என் வேலையில் இடமாற்றம் அடிக்கடி வரும், அது இடைஞ்சலா?
– வாசகர், நவி மும்பை

பதில்: திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணச் சான்றிதழ்கள், படிப்புச் சான்றுகள், பங்குத்தந்தையின் கடிதம், மருத்துவச் சான்று ஆகியவை அநேகமாக எங்கும் கேட்கப்படுபவை. உளவியல் மதிப்பீடும் காவல்துறைச் சரிபார்ப்பும் இருக்கலாம். அதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சிக்கல் பெரும்பாலும் திருமுழுக்குச் சான்றிதழில்தான். பெட்டியில் இருக்கும் பழைய தாள் உதவாது. சொந்த ஊர்ப் பங்கிலிருந்து புதிதாக வாங்க வேண்டும். காரணம், உறுதிபூசுதலும் திருமணமும் அந்தத் திருமுழுக்குப் பதிவேட்டிலேயே குறிக்கப்பட வேண்டும். திருமுழுக்குத் தூத்துக்குடிப் பக்கம், திருமணம் மும்பையில் என்றால், மும்பைப் பங்கு ஊருக்கு அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும். அது போய்ச்சேராமல் இருப்பது சாதாரணம். அப்போது புதுச் சான்றிதழில் நீங்கள் மணமாகாதவராக இருப்பீர்கள்! பதிவேட்டில் ‘அந்தோணி’, பான் அட்டையில் ‘ஆன்டனி’ என்ற பெயர்க் குழப்பமும் சேர்ந்துகொள்ளும். விண்ணப்பிக்கும் முன்பே திருமணச் சான்றிதழ் நகலை ஊர்ப் பங்குக்கு அனுப்பிக் குறிப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பயிற்சி நடுவே வாசகர், பீடத்துணைவர் (பீடத்தில் குருவுக்கு உதவுபவர்) பணிகளை முறைப்படி பெறுவீர்கள். ஞாயிறு வாசகம் வாசிப்பது இதற்கு ஈடாகாது. பீடத்துணைவர் ஆனபின் பட்டத்துக்குக் குறைந்தது ஆறு மாத இடைவெளி வேண்டும். பிறகு, சுதந்திரமாகவே கேட்கிறேன் என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்ட கடிதம். தட்டச்சு செய்தது ஆகாது. கடைசியாகக் குறைந்தது ஐந்து நாள் தியானம். இந்த ஐந்து நாளுக்கான விடுப்பை அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இடமாற்றம் இடைஞ்சல்தான். பட்டம் பெற்ற அன்றே நீங்கள் அந்த மறைமாவட்டத்தின் திருநிலையினராக, அதாவது அதன் பட்டம் பெற்ற பணியாளராக, இணைக்கப்படுகிறீர்கள். சென்னைக்கோ துபாய்க்கோ போனால் அங்கே தானாகத் திருத்தொண்டராகப் பணியாற்ற முடியாது. உங்கள் ஆயரின் அனுமதியும் வேண்டும், அங்குள்ள ஆயரின் ஏற்பும் வேண்டும். நிரந்தரத் திருத்தொண்டர்களே இல்லாத மறைமாவட்டம் என்றால் உங்களை எங்கே வைப்பது என்றே அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். அடுத்த நாலைந்து ஆண்டுக்குள் மாற்றல் உறுதி என்றால் அதை முதல் நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள். பயிற்சியைப் போகும் ஊரில் தொடங்கச் சொல்வார்களா, இங்கேயே தொடங்கலாமா என்பதை ஆயரகம் முடிவுசெய்யும்.