புக் பண்ணியாச்சு, இப்ப இன்ஜின் மேல பயம்: எடுக்கலாமா, கேன்சல் பண்ணலாமா?

குன்னூர் தம்பி ஒருத்தர் எழுதியிருக்கார். 18 லட்ச ரூபாய்க்கு ஒரு டர்போ பெட்ரோல் கார், கோயம்புத்தூர் ஷோரூம்ல 50,000 அட்வான்ஸ் கட்டி புக் பண்ணிட்டாராம். இப்ப பார்த்தா அதே கார் வச்சிருக்க கோத்தகிரி ஃப்ரெண்டுக்கு 7,000 கிலோமீட்டர்லயே கூலன்ட் (இன்ஜின் சூட்ட ஆத்துற திரவம்) குறையுது, மேட்டுப்பாளையத்துல இருந்து மலை ஏறுறப்ப செக் இன்ஜின் லைட் எரியுது. சேல்ஸ்மேன் "வாரண்டி இருக்குல்ல சார்"ங்கிறாராம். இன்ஜின் போனா புது கார் குடுப்பாங்களா, இல்ல இப்பவே கேன்சலா, அப்பாவோட எஸ்டேட் கம்பெனி பேர்ல எடுக்கலாமா? இதான் கேள்வி.

தம்பி, புது கார் கிடைக்கும்ங்கிற நெனப்ப முதல்ல விடுங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல 39வது பிரிவு இருக்கு, ரிப்பேர் பண்ணிக்குடு, மாத்திக்குடு, பணத்த திருப்பிக்குடுன்னு மூணுமே நுகர்வோர் கமிஷன் (நுகர்வோர் கோர்ட்) உத்தரவு போடலாம், ஆனா கிளட்ச் தகராறு ஒண்ணுல 2006லயே சுப்ரீம் கோர்ட், பார்ட்ட மாத்தி சரி பண்ண முடியும்னா முழு காரையும் மாத்தித்தர வேண்டியதில்லைன்னு சொல்லிடுச்சு, எதிர் வக்கீல் கேஸ் எடுத்த உடனே அதைத்தான் நீட்டுவார். தயாரிப்புலயே கோளாறுன்னு நிரூபிக்கிறது நம்ம வேலை. கமிஷன் லேப்புக்கு அனுப்பினா அந்த ஃபீஸையும் முதல்ல நீங்கதான் கட்டணும்.

அதனால உங்க பலமெல்லாம் டெலிவரிக்கு முன்னாடி தான். வண்டி உங்க பேர்ல ரிஜிஸ்டர் ஆகிடுச்சுன்னா அது செகண்ட் ஹேண்ட், ஷோரூம்காரன் திரும்பி வாங்க மாட்டான். புக்கிங் ஃபார்ம் பின்னாடி பொடி எழுத்துல கேன்சலுக்கு எவ்வளவு புடிப்பாங்கன்னு இருக்கும், படிச்சிட்டு இன்னைக்கே மெயில் போடுங்க: இந்த மாடல்ல இப்படி ஒரு புகார் கேள்விப்பட்டேன், கம்பெனி என்ன சொல்லுது, இன்ஜின் வாரண்டில எதெல்லாம் வராது. போன்ல பேசாதீங்க. மழுப்பலா பதில் வந்தா கேன்சல் பண்ணிடுங்க, நான்னா அதான் பண்ணுவேன்.

இல்ல மனசு கேக்கல, எடுத்தே தீருவேன்னா ரீமேப் (பவர் ஏத்த இன்ஜின் சாஃப்ட்வேர மாத்துறது) ஆசையெல்லாம் மறந்துடுங்க. கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்ல ஓட்டி ரீல்ஸ் போட்டா ரேஸ் ஓட்டினேன்னு வாரண்டிய மறுக்க நீங்களே சாட்சி குடுத்த மாதிரி (சிரிக்காதீங்க, என்கிட்ட வந்த ஒரு கேஸ்ல இதான் நடந்துச்சு).

ஃப்ரெண்டுக்கு ஒரு வார்த்தை. சர்வீஸ்ல விட்டா ஜாப் கார்டுல "ஜெனரல் செக்கப்"னு டைப் பண்ணி கையெழுத்து வாங்குவாங்க, போடக்கூடாது, "மலை ஏறும்போது லைட் எரியுது, கூலன்ட் குறையுது"ன்னு இருந்தாதான் போடணும். காலைல இன்ஜின் ஆறி இருக்கப்ப பானட்ட திறந்து கூலன்ட் டப்பால அளவு கோடு தெரியுற மாதிரி போட்டோ எடுக்கட்டும், கூடவே ஓடோமீட்டரையும். கேஸ் போட 2 வருஷம் தான் டைம். கோயம்புத்தூர்ல வாங்கினாலும் குடியிருக்கிற மாவட்டத்துலயே, அதாவது ஊட்டி கமிஷன்லயே போடலாம், 50 லட்சம் வரைக்கும் மாவட்டம் தான், 18 லட்ச ரூபா காருக்கு ஃபீஸ் வெறும் 400. அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போட்டு புகார் பதிஞ்சு வைக்கட்டும், அதுக்கு காசு கிடையாது.

கம்பெனி பேர்ல மட்டும் எடுக்காதீங்க. வியாபாரத்துக்கு வாங்கினவர் நுகர்வோரே இல்லன்னு எதிர்தரப்பு கெளப்புவாங்க, அத உடைக்கிறதுக்கே பல வாய்தா போயிடும். வரில மிச்சமாகுதுன்னு அப்பா சொன்னாலும் உங்க பேர்லயே போடுங்க.