அழைப்பிதழ் எதற்கு இரண்டு விதம்?

கேள்வி: கோவையில் எங்கள் குடும்பம் பம்ப்செட் கம்பெனி நடத்துகிறது. மாமனார் ஒரே ஒரு லேத்தை வைத்து ஆரம்பித்தது. வரும் ஜனவரி முதல் வாரத்தில் 40 வருடம் நிறைகிறது. ஸ்டாஃப் 40 பேர், தொழிலாளர்கள் 180 பேர். விழாப் பொறுப்பு என் தலையில். 350 பேர் கொள்ளும் ஹோட்டல் ஹாலைப் பேசி வைத்திருக்கிறோம். மூன்று ஈவென்ட் பிளானர்களிடம் கொட்டேஷன் வாங்கினேன். ஒருவர் மொத்தமாக 9 லட்சம் என்கிறார். நாத்தனார் மகள் கல்யாணத்தைப் பிரமாதமாக நடத்தியவர் 12.5 லட்சம் கேட்கிறார். மூன்றாமவர் 11 லட்சம் சொன்னாலும் முடிக்காமல் இழுக்கிறார். ஷிஃப்ட் எப்போது முடியும், பஸ் எங்கெங்கே நிற்க வேண்டும், குழந்தைகள் எத்தனை பேர் என்று கேள்வி மேல் கேள்வி. ஸ்டாஃபுக்கு 'குடும்பத்துடன்', தொழிலாளர்களுக்கு அது இல்லாமல் என்று அழைப்பிதழ் இரண்டு விதமாக அடிப்பதால் அதற்கும் ரேட் கூடுகிறது. குறைந்த ரேட்டையே முடித்துவிடு என்கிறார் கணவர். யாரை நம்பிக் கொடுப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: அம்மணி, கொட்டேஷன்களை அப்புறம் பார்க்கலாம். அழைப்பிதழ் இரண்டு விதம் என்று போகிறபோக்கில் எழுதி, அதில் ரேட் கூடுகிறது என்பதை மட்டும் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

உங்கள் ஸ்டோர்ஸ் கிளார்க்கும் ஃபவுண்டரி மோல்டரும் ஒரே தெருவில் குடியிருக்கலாம். ஒரே நாள் சாயங்காலம் இரண்டு வீட்டுக்கும் அழைப்பிதழ் போகும். ஒரு வீட்டில் குழந்தைகளுக்குப் புதுத்துணி எடுப்பதைப் பற்றிப் பேச்சு நடக்கும். அடுத்த வீட்டில், 'அப்பா, எங்களைக் கூப்பிடலையா?' என்று பிள்ளை கேட்கும். அந்த மனிதர் என்ன பதில் சொல்வார் என்று யோசித்துப் பார்த்தீர்களா? மறுநாள் காலை அவர் உங்கள் கம்பெனிக்குத்தான் வேலைக்கு வர வேண்டும்.

ஹாலில் இடம் இல்லை என்பீர்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மில் என்று எங்கிருந்து கடிதம் வந்தாலும் இதே கதைதான். முதலில் ஹாலைப் பேசிவிடுகிறார்கள், பிறகு ஹாலுக்கு ஏற்றபடி ஆட்களைக் கழிக்கிறார்கள். கழிக்கும்போது கத்தி எப்போதும் கீழிருந்துதான் வெட்டுகிறது.

கோடை சீசனில் ஆர்டர் குவியும்போது உங்கள் கம்பெனியில் ஓவர்டைம் ஓடும். ஞாயிற்றுக்கிழமைகூட ஆளைக் கூப்பிடுவீர்கள். அப்போது வீட்டில் பிள்ளைகளைத் தனியாகப் பார்த்துக்கொண்டது அவர் மனைவி. வைண்டிங் பிரிவில் இருக்கிற பெண்ணுக்கு ஷிஃப்ட் நீளும்போது, அடுப்பைப் பார்த்துக்கொண்டது அவள் மாமியார். இந்த 40 வருடத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. கம்பெனி நடத்துகிற குடும்பத்தின் கடமை சம்பளத் தேதியோடு முடிந்துவிடாது என்பது என் கட்சி. அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கொங்கு நாட்டில் பட்டறை வைத்திருக்கிற குடும்பத்துக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயுத பூஜை அன்று மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடும்போது, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டி வந்து 'இதுதான் நான் ஓட்டற லேத்' என்று காட்டுவார்கள். பொரி கடலைப் பொட்டலம் கொடுக்கும்போது, ஸ்டாஃபின் குழந்தையா தொழிலாளியின் குழந்தையா என்று யாரும் பார்ப்பதில்லை. எந்தப் பிளானரும் இல்லாமல் பட்டறைக்காரர்கள் சரியாகச் செய்கிற காரியம் இது. லட்சக்கணக்கில் செலவழிக்கும் விழாவில் உங்களுக்கு இது ஏன் தவறியது?

இனி கணக்குக்கு வருகிறேன். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் தொழிலாளர்கள் பக்கம் 720, ஸ்டாஃப் பக்கம் 160, ஆக 880 பேர். அந்த ஹோட்டல் ஹால் உதவாது, விட்டுவிடுங்கள். ஜனவரி முதல் வாரம் மார்கழி. கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் பெரிய மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். ராத்திரி பஃபேயை விட்டு மதியச் சாப்பாடாக, இலை போட்டுப் பந்தி நடத்துங்கள். வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் தட்டோடு வரிசையில் நிறுத்தாதீர்கள். எல்.இ.டி. திரை, டி.வி. தொகுப்பாளர் என்று கொட்டேஷனில் ஏதாவது இருந்தால் முதலில் அதை அடியுங்கள். அதற்கும் மேல் கூடுவதைக் கம்பெனி போடட்டும்.

பிளானர் யார் என்று இந்நேரம் உங்களுக்கே புரிந்திருக்கும். குழந்தைகள் எத்தனை பேர் என்று கேட்டாரே, அவரை விடாதீர்கள். அவர் இழுப்பதாக நீங்கள் நினைத்தீர்கள். தலைக்கணக்கு, வண்டி, நேரம் மூன்றும் தெரியாமல் தொகை சொல்பவர், ஒன்று கூட்டிச் சொல்கிறார் அல்லது விழா அன்று கழுத்தில் கத்தி வைப்பார்.

அந்த 9 லட்சத்தில் ஜி.எஸ்.டி. சேர்த்தியா என்று கேளுங்கள். சேராவிட்டால் 18 சதவீதம், அதாவது 1,62,000 ரூபாய் மேலே ஏறும். மூன்றாமவரின் 11 லட்சம் வரியோடு சேர்த்தது என்றால், உங்கள் கணவர் மிச்சம் என்று நினைக்கிற 2 லட்சம் வெறும் 38,000 ஆகிவிடும். வரியில் எவ்வளவு திரும்ப எடுக்கலாம் என்பதை ஆடிட்டர் சொல்வார். மொத்தத் தொகையை மட்டும் போட்டு வருகிற கொட்டேஷனை வாங்கவே வாங்காதீர்கள். பந்தல், சவுண்ட், ஜெனரேட்டர், டீசல், ஏற்றுகூலி, இலைக்கு என்ன ரேட், சொன்னதற்கு மேல் 50 இலை விழுந்தால் என்ன ரேட், அவருடைய சொந்தக் கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

நாத்தனார் மகள் கல்யாணத்தை நடத்தியவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். கல்யாணத்தில் சினிமாப் பாட்டுப் போட பதிப்புரிமைச் சட்டம் விலக்குக் கொடுக்கிறது, கம்பெனி விழாவுக்கு அந்த விலக்கு இல்லை. பாட்டுப் போட லைசென்ஸ் வாங்க வேண்டும். 'பாட்டு லைசென்ஸ் யார் எடுப்பது?' என்று யாரிடம் பேசினாலும் கேளுங்கள். முழிக்கிறவருக்குக் கம்பெனி விழா பழக்கமில்லை.

மூன்றாமவரையும் கண்ணை மூடிக்கொண்டு முடிக்காதீர்கள். ஆல்பம் பார்த்துப் பயனில்லை. அவர் நடத்துகிற ஒரு விழாவுக்கு நேரில் போய், சாப்பாட்டு நேரத்தில் பந்தி வாசலில் கால் மணி நேரம் நில்லுங்கள். உங்கள் விழா அன்று அவரே நிற்பாரா, பையன்களை அனுப்பிவிடுவாரா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பணத்தைத் தவணையாகக் கொடுங்கள், ஒரு பங்கு விழா முடிந்து கணக்குப் பார்த்த பிறகுதான். பில் இல்லாமல் ஒரு ரூபாயும் நகரக்கூடாது.

எந்தப் பிளானராலும் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. இந்த வாரமே மாமனாரோடு உட்கார்ந்து, ஆரம்ப காலத்தில் கூட நின்றவர்கள், ஓய்வு பெற்றுப் போனவர்கள் பெயரையெல்லாம் எழுதுங்கள். காலமானவர்கள் இருந்தால் அவர்கள் மனைவி எங்கே இருக்கிறார் என்று விசாரியுங்கள். அந்த வீடுகளுக்கு அழைப்பிதழைக் கூரியரில் அனுப்பாதீர்கள். நீங்களும் உங்கள் கணவரும் தட்டில் பழம் வெற்றிலை பாக்கோடு நேரில் போய்க் கூப்பிடுங்கள். மாமனாருக்கு உடம்பு இடம் கொடுத்தால் அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். டிசம்பரில் வருகிற ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.