லெக்சர்ல விளங்குது, ரூமுக்கு வந்தா கை ஓடுதில்ல!

கேள்வி: அக்கா, நான் ஏஎல் மெத்ஸ் தமிழ் மீடியத்தில செய்துட்டு இப்ப கம்பஸ் முதலாம் வருஷம். சி புரோகிராமிங்ல சேர் போர்ட்ல எழுதேக்க எல்லாம் விளங்குது, ரூமுக்கு வந்து தனிய எழுதப் போனா ஒண்டும் வருதில்ல. மூண்டு பாட மார்க்ஸுக்கு ஆவரேஜ் எடுக்கிற சின்ன புரோகிராம், முதல் மார்க்கை அடிச்ச உடன 'செக்மென்டேஷன் ஃபோல்ட்' எண்டு நிண்டுட்டுது. மற்ற ஆக்கள் ஸ்கூல்லயே ஐசிடி படிச்சவை. எனக்கு இது சரிவராதோ?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த ஃபோல்ட்டைப் பாப்பம், அழுறதைப் பிறகு பாக்கலாம். கோட்டை நீங்க அனுப்பேல்ல, ஆனா முதல் மார்க்கிலயே விழுதெண்டா அனேகமா ஸ்கான்எஃப்ல (scanf, கீபோர்ட்ல அடிக்கிறதை வாங்கிற ஃபங்ஷன்) & போடாம விட்டிருப்பீங்க.

ஏன் அந்த & எண்டு சேர் சொன்னவரோ தெரியா. சி-ல ஒரு ஃபங்ஷனுக்கு வேரியபிளை, அதாவது பெறுமதி வைக்கிற பெட்டியை, குடுத்தா அங்க போறது போட்டோகொப்பிதான். ஃபோர்ம் ஒண்டைக் கடையில கொப்பி அடிச்சு, அந்தக் கொப்பியில உங்கட ஃப்ரெண்ட் நிரப்பினா ஒரிஜினல் வெறுமையாத்தானே கிடக்கும்? அதால மார்க்கைக் குடுக்காம மார்க் இருக்கிற இடத்தின்ட அட்ரஸைக் குடுக்கோணும், & செய்யிற வேலை அதுதான். அதை விட்டா மார்க்குக்குள்ள ஏற்கனவே கிடந்த ஏதோ குப்பை நம்பரை ஸ்கான்எஃப் அட்ரஸ் எண்டு நம்பி ஆரோ ஒராள்ட வளவுக்குள்ள போகும், ஒபரேட்டிங் சிஸ்டம் பிடிச்சு வெளியில தள்ளும், அதுதான் உங்கட செக்மென்டேஷன் ஃபோல்ட். எல்லாரும் பயப்படுற பொயின்டர் இதுதான், பேரைத்தான் பிறகு சொல்லுவினம்.

& போட்ட பிறகு, மார்க்ஸை முழு எண்ணா வச்சிருந்தீங்கண்டா, இன்னொண்டு வரும், இப்பவே சொல்லிவிடுறன். 65, 70, 65 எண்டு அடிச்சா கூட்டுத்தொகை 200, ஆவரேஜ் 66.000000 எண்டு காட்டும். முழு எண்ணை முழு எண்ணால பிரிச்சா சி மிச்சத்தை வெட்டி எறிஞ்சிடும், பிறகு ஃப்ளோட்டுக்குள்ள (தசம எண் வைக்கிற வேரியபிள்) போட்டாலும் போன தசமம் வராது. 3 க்குப் பதிலா 3.0 எண்டு எழுதுங்கோ.

ஐசிடி படிச்ச ஆக்களைப் பாத்துப் பயப்பட வேணாம். ஏஎல்ல அவை படிச்சது பைதன், அதில அட்ரஸ் விஷயமெல்லாம் கண்ணில படாது, லிஸ்ட்டுக்கு வெளியில கை வச்சா அதுவே கத்தும். சி கத்தாது. 1972 அளவில அமெரிக்காவில பெல் லாப்ஸ் எண்ட ஆராய்ச்சி நிலையத்தில டெனிஸ் ரிச்சி இதைச் செய்தது யுனிக்ஸ் எண்ட ஒபரேட்டிங் சிஸ்டத்தை எழுதுறதுக்கு, மெமரி கொஞ்சமா இருந்த மெஷின்ல, வேகம்தான் முக்கியம், அதால ஒவ்வொரு தரமும் செக் பண்ணிக்கொண்டு நிக்காது, 5 இடம் உள்ள அரேயில (பைதன் லிஸ்ட் மாதிரி, பெறுமதிகளை வரிசையா வைக்கிறது) ஆறாவதைக் கேட்டாலும் சில நேரம் கூசாம ஏதோ ஒண்டை எடுத்துத் தரும். இந்த இடத்தில அவையும் நீங்களும் ஒரே லைன்லதான்.

தனிய எழுத வராததுக்கு எனக்குத் தெரிஞ்ச மருந்து சிஆர் கொப்பிதான். ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு பெட்டி கீறுங்கோ, புரோகிராமை வரி வரியா கையால ஓட்டுங்கோ, பெறுமதி மாறேக்க பழசை வெட்டிப் புதுசை எழுதுங்கோ. விசர் வேலை மாதிரித்தான் இருக்கும். நான் படிக்கேக்க 1 இலயிருந்து 10 வரை பிரின்ட் பண்ண ஒரு ஃபோர் லூப் எழுதி, ஸ்க்ரீன்ல 11 எண்டு ஒரே ஒரு நம்பர் வந்து, ஒரு இரவு முழுக்க மண்டையை உடைச்சனான். விடிய பெட்டி கீறி ஓட்டிப் பாத்தா, ஃபோர் வரிக்குக் கடைசியில தேவையில்லாம ஒரு செமிகோலன், லூப் வெறுமையா பத்துத் தரம் சுத்தி முடிஞ்ச பிறகுதான் பிரின்ட் வந்திருக்கு. கொம்பியூட்டருக்கு முன்னால இருந்திருந்தா அது கண்ணில பட்டிருக்காது.

ஜிசிசி (gcc) எண்ட கம்பைலர் பாவிக்கிறீங்கண்டா மைனஸ் டபிள்யூ ஆல் (-Wall) எண்டதைச் சேர்த்து கம்பைல் பண்ணுங்கோ, & விட்டதை அதுவே சொல்லித் தரும். வோர்னிங்தானே எண்டு விடாதீங்கோ.

இவ்வளவும் செய்தும் விழுந்தா கோட்டை எனக்கு அனுப்புங்கோ, ஆனா போட்டோ எடுத்து அனுப்பாம கையால பாத்து எழுதி அனுப்புங்கோ. எழுதேக்க பாதியில நீங்களே பிழையைக் கண்டுபிடிச்சா அனுப்பத் தேவையில்ல.